எதிர்க் கதிரையில் இருந்த பெங்காலி

உள்துறைமுக வீதியில் படகு எஞ்சின் திருத்தும் கடையொன்றில் முனாஸ் ஐந்து வருடமாக வேலை செய்கிறார். வயது நாற்பத்தெட்டு. ஊர் கிண்ணியா. காலையில் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவார், பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பிப் போவார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனிதர் யாரோடும் சேர்ந்திருந்து சாப்பிடமாட்டார். மற்றவர்கள் பகலில் பஸ் நிலையத்துப் பக்கம் ஹோட்டலுக்குப் போகும்போது, மனைவி பஸ்மியா கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலை எஞ்சின் பெட்டிகளுக்கு நடுவில் பிரித்துவைத்துத் தனியே சாப்பிட்டு முடிப்பார்.

"வெளிநாட்டில இருந்த ஆளுக்கு நம்மட ஹோட்டல் சாப்பாடு புடிக்காதாக்கும்" என்று முதலாளி அர்ஷாக் பகிடி பண்ணுவார். முனாஸ் சிரிப்பதோடு சரி.

டோஹாவில் ஒன்பது வருடம் அவர் ஹோட்டலில்தான் சாப்பிட்டார். அங்கே ஒரு கிளினிக்கில் மொழிபெயர்ப்பு வேலை. தமிழ், சிங்களம், ஹிந்தி மூன்றும் பேசுவார், அறபும் போதியளவு வந்துவிட்டது. வருகிற தொழிலாளியின் நோவை டொக்டருக்குச் சொல்ல வேண்டும், டொக்டர் சொல்வதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மற்றவர்களின் வயிற்று வலியும் நெஞ்சு எரிவும் மூலமும் அவருடைய வாய் வழியாகத்தான் போய்வரும். அது போதாதென்று, அவர் கிளினிக்கில் இருக்கிறார் என்று தெரிந்தால் வெளியிலும் விடமாட்டார்கள். நம்பர் முன்னுக்கு எடுத்துத் தாங்கோ, இரண்டு நாள் லீவுத் துண்டு வாங்கித் தாங்கோ என்று றோட்டில், பள்ளிவாசலில், தலைமுடி வெட்டுகிற கடையில்கூடக் கேட்பார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும். தெரு மூலையில் மலபார்க்காரரின் ஹோட்டல் ஒன்று. பன்னிரண்டு மேசைகள், எப்போதும் நிறைந்த கூட்டம். அங்கே தனி மேசை என்ற கதையே இல்லை. எந்தக் கதிரை காலியாக இருக்கிறதோ அதில் குந்த வேண்டும். எதிரே நேபாளி இருப்பான், பக்கத்தில் எகிப்தியன் இருப்பான், ஒருவர் தண்ணீர்ப் போத்தலை மற்றவர் பக்கம் தள்ளிவிடுவதோடு உறவு முடிந்துவிடும். முனாஸுக்கு அது பிடித்திருந்தது. அந்த அரை மணித்தியாலம் மட்டும் அவர் யாருடைய வாயாகவும் இருக்க வேண்டியதில்லை.

கதிராமன் முதன்முதலாக அந்த மேசைக்கு வந்தது சித்திரை மாதம், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். எதிர்க் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த தோள், கழுத்து வரை பொத்தான் போட்ட பச்சை யூனிபோர்ம். சாப்பாட்டுத் தட்டோடு வந்து குந்தி, முனாஸின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தமிழோ? இந்தியாவோ சிலோனோ?"

அன்று காலையில்தான், விரல் துண்டாகிப்போன ஒரு மட்டக்களப்புப் பொடியனுக்கு அதை இனி ஒட்ட ஏலாது என்று முனாஸ் தமிழில் சொல்லியிருந்தார். அந்தப் பொடியனின் கண்கள் இன்னும் முன்னால் நின்றன. இன்னொரு தமிழ்ச் சொல்லைக் கேட்கவோ சொல்லவோ அவருக்குத் திராணி இருக்கவில்லை. தலையை ஆட்டினார்.

"பங்களாதேஷ்" என்றார்.

"ஓ, பெங்காலி" என்று கதிராமன் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பொய் அவ்வளவு சுலபமாக முடிந்தது. அந்த ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள் எல்லோரிடமும் ஹிந்தியில்தான் பேசுவார்கள் என்பதால் அதைக் காட்டிக்கொடுக்கவும் ஆளில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் கதிராமன் போனை எடுத்து மேசையில் வைத்தார். காதில் வைத்தால் ஒன்றும் கேட்காத பழுதான போன். ஸ்பீக்கரைப் போட்டால்தான் பேசலாம். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல், கரகரப்பாக, அவசரமில்லாமல்: "சாப்பிட்டாச்சோ?"

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை. முனாஸ் முந்தி வந்தால் எதிர்க் கதிரை எப்படியோ கதிராமனுக்குக் கிடைத்துவிடும். தனக்குப் பழக்கமான ஒரு முகம் என்று அந்த மனிதர் தேடிவந்து குந்தினார். மனைவியின் பெயர் குணமணி, மகள் சுதர்சிகா, ஊர் ஈச்சிலம்பற்று என்பதெல்லாம் இரண்டாம் நாளே முனாஸுக்குத் தெரிந்துவிட்டது.

ஈச்சிலம்பற்று! கிண்ணியாவிலிருந்து மூதூர் தாண்டிப் போனால் வந்துவிடும் இடம். இளவயதில் வாப்பாவோடு மாடு வாங்கப் போய் அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். நாளைக்குச் சொல்லிவிடுவோம், "அண்ணன், நான் கிண்ணியாதான், அண்டைக்குச் சும்மா சொல்லிட்டன்" என்று சிரித்துச் சமாளித்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் வாயைத் திறப்பதற்குள் போனில் சண்டை தொடங்கிவிட்டது. காணி விசயத்தில் தம்பியோடு பட்ட அவமானத்தைச் சொல்லிக் கதிராமன் அழுதார். மூக்கைச் சிந்தி, முனாஸைப் பார்த்து, விளங்காத ஆள்தானே என்ற தைரியத்தில் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் அந்த மனிதர் மனைவியிடம் கொஞ்சலாகச் சில வார்த்தைகள் பேசினார். முனாஸ் குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் கேட்டது கூடக் கூட, சொல்வது இன்னும் கடினமாகியது.

ஒருநாள் கதிராமன் போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று குணமணி சொன்ன நாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய் இரண்டு கிண்ணம் பாயாசம் வாங்கிவந்து ஒன்றை முனாஸின் பக்கம் தள்ளினார். "சாப்பிடு, பெங்காலி. என்னத்துக்கு எண்டு உனக்கு விளங்காது. சாப்பிடு" என்றார் தமிழில். முனாஸ் சாப்பிட்டார். கிண்ணத்தைக் காலியாக்கினார்.

ஆடி மாதமளவில் கதிராமன் வந்து குந்தியதும் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். காலைச் சப்பாத்திலிருந்து இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே காலையில் தூங்கி எழுந்தவர்போல வீக்கம். பத்து அடி நடந்துவந்தால் மூச்சு வாங்கினார், பாதிச் சோற்றை ஒதுக்கிவைத்தார்.

"கால் வீங்குதடி" என்று போனில் சொன்னார்.

"சப்பாத்து இறுக்கமாக்கும். பெரிய சப்பாத்து ஒண்டு கேட்டு வாங்குங்கோவன்" என்றது குணமணியின் குரல்.

முனாஸுக்குக் கை நின்றுவிட்டது. கால் வீக்கம், முகம் ஊதல், மூச்சு வாங்குதல் என்ற மூன்றையும் சேர்த்து அவர் டொக்டருக்கு எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறார். டொக்டர் ஒவ்வொரு முறையும் பேனையைக் கீழே வைப்பார். சிறுநீரகம். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

அடுத்த மூன்று நாளும் முனாஸ் அறையிலிருந்து புறப்படும்போதே அந்த வசனத்தைத் தமிழில் தயார் பண்ணிக்கொண்டு போனார். மூன்று நாளும் விழுங்கிவிட்டு வந்தார். நாலாம் நாள், பொய்யையும் விடாமல் ஆளையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தார். மேசைக்குக் கீழே கதிராமனின் வீங்கிய காலை நோக்கி விரலை நீட்டி, "டொக்டர், ஹொஸ்பிட்டல்" என்று ஹிந்திக்காரர் மாதிரிச் சொல்லி, முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

கதிராமன் குனிந்து பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "இவனுக்குக் கால் நோகுதாம் குணம்! டொக்டரிட்டப் போகக் காசில்லையாக்கும்" என்று போனுக்குச் சொன்னார். மறுபக்கத்தில் குணமணி சிரித்தாள்.

மறுநாள் அவர் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வீட்டிலிருந்து மனைவி கொடுத்துவிட்ட நோவெண்ணெய். உள்ளங்கையால் தன் முழங்காலில் தேய்த்துக் காட்டி, படுக்கும்போது பூசு என்று சைகை செய்தார். முனாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கி "சுக்ரியா" என்றார்.

ஒரு கிழமைக்குள் கதிராமன் சாப்பிட வருவது நின்றது. ஒன்பதாம் நாள் எதிர்க் கதிரையில் ஒரு நேபாளி குந்தியிருந்தான். பச்சை யூனிபோர்ம். முனாஸ் ஹிந்தியில் கேட்டபோது, சிலோன்காரன் கார் நிறுத்துமிடத்தில் விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான், கிட்னி இரண்டும் போய்விட்டதாம், நேற்று முடிந்துவிட்டது என்றான். சொல்லிவிட்டு உப்புப் போத்தலைக் கேட்டான். முனாஸ் எடுத்துக்கொடுத்தார். அந்தச் சாப்பாட்டோடு அந்த ஹோட்டலை விட்டார். பிறகு எந்த ஹோட்டலிலும் அவர் குந்தவில்லை. ஒன்றரை வருடத்தில் டோஹாவையும் விட்டு வந்துவிட்டார்.

வந்த பிறகு பஸ்மியாவிடம் மட்டும் சொன்னார். அவள் அழவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை.

"அந்தப் பொம்புளைக்குத் தெரியோணும்" என்றாள்.

"என்னத்தை எண்டு போய்ச் சொல்லுற?"

"எனக்குச் சொன்னதை."

மூதூர்ப் பக்கம் போகும் தேவைகள் எத்தனையோ வந்தன. மட்டக்களப்புக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது பஸ் அந்தப் பக்கத்தால்தான் போனது. முனாஸ் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படி நாலு வருடம் ஓடியது.

போன வருடம் பங்குனியில் ஈச்சிலம்பற்றுக் கரையிலிருந்து தர்மசீலன் என்ற மீனவர் நாற்பது குதிரைவலு எஞ்சின் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும், படகில் பூட்டி ஓட்டிப் பார்த்தால்தான் எடுப்பேன் என்றார். அர்ஷாக் முனாஸையே லொறியில் அனுப்பினார். மறுக்க ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை.

எஞ்சின் இரண்டாம் இழுவையிலேயே பிடித்தது. தர்மசீலன் சந்தோசமாகக் கரைக்குத் திரும்பியபோது, முனாஸ் கேட்டுவிட்டார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"இஞ்ச குணமணி எண்டு... கட்டாரில மோசம்போன கதிராமன்ட பெஞ்சாதி..."

"எங்கட கதிராமண்ணையோ? அந்தா, கோயிலுக்கு அங்கால தகரம் போட்ட வீடு. உங்களுக்கு அவரைத் தெரியுமோ நானா?" என்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் தர்மசீலன் கேட்டார்.

முனாஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

முற்றத்தில் ஒரு பெண் சாக்கு விரித்து, பிடுங்கிய கச்சான் செடியின் வேரிலிருந்து கடலைக் காய்களை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆர் நானா, ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டாள். அவர் கண்டறியாத முகம். ஆனால் அந்தக் கரகரத்த, அவசரமில்லாத குரலை அவர் உலகத்தில் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்திருப்பார். "உங்களைத்தான்" என்றார். அவள் உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள்.

"நான் கிண்ணியா. டோஹாவில உங்கட அவரைத் தெரியும். ஒரே கடையில சாப்பிட்டனாங்க அக்கா, ஒரே மேசையில."

அவளுடைய முகம் ஒரு கணம் மலர்ந்தது, பிறகு யோசித்தது. "தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டுதானே சொல்லுவார். முன்னால ஒரு பெங்காலிதான் இருக்கிறவன் எண்டு..."

"அந்தப் பெங்காலி நான்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் திரும்பச் சொன்னார். முதல் நாள் சொன்ன பொய்யையும், அதைத் திருத்தாமல் விட்ட நாலு மாதத்தையும், ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். கிளினிக் வேலையைச் சொன்னார். அந்த வீக்கம் என்னவென்று தனக்குத் தெரிந்திருந்ததைச் சொன்னார். குணமணியின் கை கச்சான் செடியின் வேரிலேயே நின்றது.

"நாங்கள் கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம்."

"பிள்ளை பெரிசான அண்டைக்கும்?"

"ஓம் அக்கா. எனக்கும் பாயாசம் வாங்கித் தந்தவர்."

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், அந்த நாட்களுக்கும் சேர்த்து மூடுகிறவள்போல. பக்கத்து வளவில் யாரோ தண்ணீர் இறைத்தார்கள்.

"நான் கட்டிக் குடுத்த எண்ணெய்ப் போத்தலை அந்தப் பெங்காலிக்குக் குடுத்திட்டன் எண்டவர். பாவம் அவன், நொண்டி நொண்டி வாறான் எண்டவர்." குரல் உடைந்தது, ஆனால் உடனே திரும்பியது. "பெரிய சப்பாத்து வாங்குங்கோ எண்டு சொன்னது நான். ஆறு வருசமா அதை நினைச்சு நினைச்சுச் சாகிறன். எண்டாலும் எனக்குத் தெரியாது நானா. தெரியாமச் சொன்னனான். உங்களுக்குத் தெரியும்."

"ஓம்" என்றார் முனாஸ்.

"ஒரு சொல்லு. தமிழில ஒரு சொல்லு சொல்ல ஏலாமப் போச்சோ?"

அவர் மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தார். அந்தச் சொல்லை எடுக்க வாய் கூசியது. அப்போது வாசல் படலையடியில் சைக்கிள் வந்து நின்றது. இருபது வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை இறங்கினாள். குணமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவைத் தெரிஞ்ச ஆள். டோஹாவில இருந்தவர்" என்று மட்டும் சொன்னாள்.

சுதர்சிகா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அப்ப உங்களுக்கு அந்தப் பெங்காலி மாமாவையும் தெரியுமோ?"

முனாஸ் குணமணியைப் பார்த்தார். அவள் கச்சானைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"பாத்திருக்கிறன்" என்றார்.

"எப்பிடி ஆள்?"

"கதைக்கமாட்டார்."

"அப்பாவும் அதைத்தான் சொல்லுவார். ஆனா நல்லவராம். அப்பா அங்க தனியச் சாப்பிடேல்ல எண்டதுதான் எங்களுக்கு ஒரே நிம்மதி." அவள் படியில் குந்தினாள். "நீங்கள் அங்க என்ன வேலை?"

"ஒரு கிளினிக்கில. டொக்டருக்குத் தமிழைச் சொல்லுற வேலை."

"ஐயோ" என்றாள் அவள், உண்மையான ஏக்கத்தோடு. "அந்த மாமாவுக்குப் பதிலா நீங்கள் அந்த மேசையில இருந்திருக்கலாமே."

குணமணி எழுந்து தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் முனாஸ் புறப்பட்டார். போகும்போது சுதர்சிகா அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பஸ்மியா கேட்டாள்: "சொல்லிட்டீங்களா?"

"தாய்க்குச் சொல்லிட்டன். மகளுக்குப் பொய் சொல்லிட்டன்."

அவள் சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். "அப்ப திரும்பப் போங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முனாஸ் பஸ் ஏறினார். முதலில் குணமணியிடம் கேட்டார். "நான் சொல்லவும் மாட்டன், மறிக்கவும் மாட்டன்" என்றாள் அவள். சுதர்சிகா அதே படியில் குந்தியிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். இந்த முறை மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு அவருடைய கால்களைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குணமணி அவரைப் படலைவரை கொண்டுவந்து விட்டாள்.

மனம் இலேசாகும் என்று அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கடையில் கைதவறி ஸ்பானர்களைக் கீழே போட்டார். தொழுகையில் எத்தனையாவது றக்அத் என்று மறந்தார். சொன்னதனால் தன் பாரத்தைத் தூக்கி அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டேனோ என்பது புதிய கவலையாகச் சேர்ந்துகொண்டது. பஸ்மியாவிடம் அதைக் கேட்டபோது, "இருக்கலாம்" என்றாள் அவள். அவள் அவருக்குப் பொய் சொல்கிறவள் அல்ல.

மூன்று கிழமை கழித்து, கடையில் காபுரேற்றர் ஒன்றைக் கழற்றி வைத்திருந்த நேரம் போன் அடித்தது.

"நான் சுதர்சிகா." வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தார். "எங்களோட கதைக்கேக்க அப்பாவின்ர முகம் எப்பிடி இருக்கும்? நாங்கள் குரலைத்தானே கேட்டனாங்கள்."

முனாஸ் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து நின்றார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. போன் மணி அடிக்கும்போதே தலைமுடியைக் கையால் வாரிக்கொள்வதைச் சொன்னார். அவளுடைய பெயர் வந்தால் ஒரு கண் மட்டும் சுருங்கும் என்றார். பரீட்சை முடிவு சொன்ன நாளில் மேசையில் விரலால் தாளம் போட்டு, பக்கத்தில் இருந்த எகிப்தியனிடம் திட்டு வாங்கியதைச் சொன்னார். மீன் தலையை முதலில் சாப்பிட்டுவிடுவார், நடுத்துண்டைக் கடைசிவரை ஒதுக்கிவைப்பார் என்றார். நாலு மாதம் பேசாமல் விட்ட தமிழெல்லாம் வந்துகொண்டே இருந்தது. மறுபக்கத்தில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அவர் சொல்லி முடித்ததும், "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இப்போதும் அவள் போன் எடுப்பாள், மாதத்தில் ஒருமுறை, சில மாதம் அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரேயொரு கேள்விதான். அவர் தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. இன்றுவரை அவள் அவரை நானா என்றோ மாமா என்றோ ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை.